டிரில்லக்காவின் பங்கு

அந்த மெஷினை வண்டியிலிருந்து இறக்கியபோது அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. இறக்கிக் கொடுக்க வந்த இரண்டு ஆட்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற அவள் வீட்டுக்காரர், தையல்காரர், தன் காதில் ஒன்றுமே விழாததுபோல் மேலே போகும் மின்கம்பியைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

தெருவில் அவளுக்கு டிரில்லக்கா என்று பெயர். இரும்பில் துளை போடுவது தொழில் என்பதால் வந்த பெயர். பேச்சும் அப்படித்தான் துளைக்கும் என்று தையல்காரர் சொல்வார், அவள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து. ஐம்பதை நெருங்குகிற வயது, குட்டை உருவம், ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோல் கனத்த முன்கை, மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்கிற எனக்கே கோபம் வரும்.

இரண்டு தெரு தள்ளி அவள் அப்பாவின் பட்டறை. வாசல் கேட்டு, கிரில், சுவரில் அடிக்கிற தாங்கிகள், இரும்புத் தகட்டு வேலை. பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை, சும்மா இருக்கிற நேரத்துக்கு வந்து கொஞ்சம் ஒத்தாசை பண்ணேன் என்று அப்பா கூப்பிட்டார். போனாள். முப்பது வருஷம் ஒத்தாசை பண்ணினாள். கல்யாணத்துக்கு மறுவாரமே திரும்பி வந்து ஒத்தாசை பண்ணினாள். அப்பா செய்தது தொழில். அவளுக்குப் பின்னால் பிறந்த தம்பி செய்தது வேலை. அவள் மட்டும் ஒத்தாசை. தம்பி காய்ச்சலில் படுத்துக்கிடந்தபோது ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படிக் கைப்பிடி மொத்தத்துக்கும் அவள் தனியாக நின்று துளை போட்டாள். அதைப் பார்த்துவிட்டு வந்த உறவுக்காரர் ஒருவர், பொண்ணு இங்கேயா வேலை பார்க்குது என்று கேட்டார். வேலையெல்லாம் இல்லை, சும்மா ஒத்தாசைக்கு வருவாள் என்று அம்மா சொன்னாள், அவள் காது கேட்கவே. சம்பளம் என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. வீட்டுப் பெண்ணுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அப்பா போய்ச் சேர்ந்தார். பட்டறையைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். பட்டறை தம்பிக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவளுக்குத்தான் இருந்தது. எனக்கு என்ன என்று கேட்டாள். அம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீ என்ன வேலைக்கா வந்தே? ஒத்தாசைக்கு வந்தே. உனக்குன்னு ஒரு வீடு இருக்கு, புருஷன் இருக்கான். இதுல பங்குன்னா எப்படி?"

தம்பி நல்லவன். அதுதான் அவனிடம் பெரிய தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போகலாம். பரவாயில்லம்மா, அக்கா ஆசைப்படுது, பின்பக்கம் கிடக்கிற அந்தப் பழைய டிரில்லிங் மெஷினை எடுத்துக்கட்டும் என்றான். ஏதோ அரண்மனையை எழுதிக் கொடுப்பவன் முகம் அப்போது அவனுக்கு. அவளுக்கு வந்த ஆத்திரத்தில், சரி, அதையே அனுப்பு, இனிமேல் உன் பட்டறை வாசலை மிதித்தால் என்னை என்னவென்று கேள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அந்த மெஷின் ஆள் உயரம் இருக்கும். அடி, நடுத்தூண், மேலே தலை, எல்லாம் கனமான இரும்பு. அவள் பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை பழகியது அதில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது மெஷின் வந்ததும் அவளைப் புதியதில் நிறுத்திவிட்டு, பழையதை ஒழுகுகிற தகரக் கொட்டகைக்குத் தள்ளி, தம்பியே வைத்து ஓட்டினான். ஓட்டினான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

அவள் கணக்கு நேரானது. மெஷினைச் சரிபண்ண வேண்டும். வீட்டு முன்னறையில் நிறுத்தி, சின்னச் சின்னப் பட்டறைகளுக்குத் துளை போட்டுக் கொடுக்க வேண்டும். தன் மெஷின், தன் வேலை. அது ஓடவில்லையென்றால் வேறு பட்டறையில் ஒரு பொம்பளையை நம்பி எவனும் மெஷின் கொடுக்கமாட்டான். அப்புறம் தம்பி பட்டறையின் அதே மூலையில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும், சாகிறவரைக்கும் ஒத்தாசைதான். 

முன்னறையில் பாதியைத் தையல்காரர் விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தார் என்பதைவிட, ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தபோது அவருடைய துணி வெட்டும் மேசை சுவரோரமாகப் போயிருந்தது என்பதுதான் சரி.  இரண்டு நாள் கழித்து, சட்டை வாங்க வந்த ஒருவர் துணியில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிறதே என்று கேட்டதற்கு, அது பூச்சி வராமல் இருக்கப் போடுகிற மருந்து என்று கூசாமல் சொல்லி அனுப்பிவைத்தார்.

மெஷினைப் பிரிக்கப் பிரிக்க அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. மேசையைப் பார்த்தாள். வேலைப்பொருளை வைத்துத் துளை போடுகிற அந்த இரும்புப் பலகை முழுக்க அம்மைத் தழும்புபோல் குழிகள். அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும், துளை போடுகிற கம்பியான பிட்டு தகட்டைத் துளைத்துக்கொண்டு மேசையில் இறங்காது. அந்தக் கட்டையை எடுத்து வைக்கத் தம்பிக்குப் பொறுமை கிடையாது. பிடித்து இறக்குகிற மூன்று கைப்பிடிகளில் இரண்டைக் காணோம், மூன்றாவது இடத்தில் கட்டடக் கம்பி ஒன்றை வளைத்துச் செருகியிருந்தான். பிட்டை மேலே இழுத்துக்கொள்ளும் சுருள்வில் ஒடிந்துபோயிருந்தது. அதற்குப் பதில் சைக்கிள் டியூபை நறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். அவள் அதை அவிழ்த்து வாசலில் விட்டெறிந்தாள், போகிற நாய் ஒதுங்கி ஓடியது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கைப் பார்த்தபோது பொறுக்க முடியவில்லை. சுழலும் தண்டின் கூம்பு முனையில் சக்கு தானாகவே இறுகி உட்கார வேண்டும், தட்டினால் கழன்றுவர வேண்டும். தட்டினாள். வரவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்துத் தட்டினாள். துடைத்துவிட்டு விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். சக்கையும் தண்டையும் சேர்த்து மூன்று இடத்தில் வெல்டு அடித்திருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"சக்குல ஏன்டா வெல்டு அடிச்சே?"

"அடிக்கடி கழண்டு விழுந்துச்சுக்கா. அதான் இனிமே விழவே கூடாதுன்னு."

அவள் போனை வைத்துவிட்டுப் பின்கட்டில் போய் நின்று, தம்பியை, அவனுக்கு வெல்டிங் சொல்லிக் கொடுத்தவனை, வெல்டிங்கைக் கண்டுபிடித்தவனை என்று வரிசையாகக் கரித்துக்கொட்டினாள். தையல்காரர் உள்ளே தையல் மெஷினை வேகமாக மிதித்தார், தைப்பதற்குத் துணி எதுவும் இல்லாவிட்டாலும்.

வெல்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்ததில் சக்கு போயிற்று. தண்டின் முனையும் கடித்துத் துப்பியதுபோல் ஆயிற்று. தண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, இரும்பைக் கடைந்து கொடுக்கிற லேத்துக்காரரிடம் போனாள். முனையைத் திரும்பக் கூம்பாகக் கடைந்து கொடுக்க வேண்டும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாரு அக்கா இதைப் பண்ணினது, விரோதியா என்று கேட்டார். கூடப் பிறந்தவன் என்றாள். அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டு அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஒவ்வொன்றாகத் தேறி வந்தது. மேசையில் ஆழமாக விழுந்த குழிகளைப் பெரிதாக்கி, இரும்பு அடைப்பு வைத்து இறுக்கி, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினாள். சின்னக் குழிகள் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பழைய இரும்புக் கடையில் தேடி ஒரு சுருள்வில் பிடித்தாள். கைப்பிடி மூன்றையும் புதிதாகக் கடைந்தாயிற்று. புதுச் சக்கு வாங்கியாயிற்று. பெரிய பாக்கி ஒன்றுதான், அதுதான் உயிர். மெஷின் தலையின் கீழ்ப்பக்கம் ஒரு கழுத்து உண்டு, உருண்டையாக. அதற்குள்தான் தண்டைச் சுமந்துகொண்டு ஒரு குழல் ஏறி இறங்கும். அந்தக் கழுத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். குழல் ஆடாமல் இருக்கவேண்டும் என்று தம்பி பக்கத்துப் போல்ட்டை நீளக் குழாய் மாட்டி முறுக்கியிருக்கிறான். விரிந்துவிட்டது. விரிந்ததும் அதன்மேலேயே சாதாரண வெல்டு ஒரு கோடு இழுத்திருக்கிறான். அது பக்கத்தில் இன்னொரு கோடாக விரிந்திருக்கிறது.

வார்ப்பிரும்பு மற்ற இரும்பு மாதிரி இல்லை. கண்ணாடி டம்ளர் மாதிரி அது. சட்டென்று சூடேற்றினாலும் ஆகாது, சட்டென்று குளிரவைத்தாலும் ஆகாது. அவளுக்குத் தெரிந்த வெல்டிங்காரர் ஒருவர் இருந்தார். அவர் கேஸ் சிலிண்டரோடு வீட்டுக்கே வந்தார். பின்கட்டில் கரியடுப்பு மூட்டி, தலையை மொத்தமாக மெல்ல மெல்லச் சூடேற்றி, விரிசலைக் கீறித் திறந்து, பித்தளைக் கம்பியை உருக்கி விட்டு நிரப்பினார். அழகான வேலை. பிறகு ஒரு பழைய எண்ணெய் டிரம்மில் சாம்பலைக் கொட்டி, அதற்குள் தலையைப் புதைத்து மூடினார். நாளைக்குக் காலை வரை யாரும் தொடக்கூடாது, தானாக ஆறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அதைத் தையல்காரரிடம் இரண்டு முறை சொன்னாள். அவர் இரண்டு முறையும் தலையாட்டினார்.

மத்தியானம், தண்டு உரசாமல் சுழலப் புதுப் பேரிங் வாங்கக் கடைவீதிக்குப் போனாள். அந்த நேரத்தில்தான் தம்பி வந்தான்.

வந்த காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. பெரிய ஆர்டர் ஒன்று, நூற்றுக்கணக்கான தகடு. துளையெல்லாம் இடம் தள்ளிப்போய் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. புது மெஷின் இருக்கிறது, நிற்கிற ஆள் சரியில்லை. அக்காவைச் சமாதானம் பண்ணிக் கூட்டிப்போக வந்திருக்கிறான். மாமா, அக்கா எங்கே என்று தையல்காரரைக் கேட்டான். அவர் தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், கடைக்குப் போயிருக்கா, மெஷின் தலை பின்னாடி ஆறிட்டிருக்கு, நாளைக்குத்தான் மாட்டுவா என்று சொல்லித் தொலைத்தார். தம்பி பின்கட்டுக்குப் போனான்.

அப்பா பட்டறையில் வெல்டிங் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. கேட்டுக் கம்பியோ கிரில் சட்டமோ, பற்றவைத்ததும் தொட்டியில் முக்கி எடுத்தால் உடனே கையில் பிடிக்கலாம், அடுத்த வேலைக்குப் போகலாம். அந்த இரும்புக்கு அது ஒத்துக்கொள்ளும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தம்பி அதைத்தான் பார்த்து வளர்ந்தான். சூடாக எதையாவது கண்டால் அவன் கை தானாகத் தண்ணீரைத் தேடும்.

அவள் பேரிங் பையோடு திரும்பி வந்தபோது பின்கட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. டிரம் கவிழ்ந்து கிடந்தது. சாம்பலும் தண்ணீரும் சேறாகிக் கிடந்த தரையின் நடுவில் மெஷின் தலை. பக்கத்தில் காலி வாளியோடு தம்பி, முகமெல்லாம் சிரிப்பு.

"வாக்கா. ஆற வெச்சுட்டேன். நாளைக்கு வரைக்கும் நீ ஏன் காத்துக்கிட்டு இருக்கணும்?"

அவள் பையைக் கீழே வைத்தாள். மண்டிபோட்டு உட்கார்ந்து, கைத்துணியால் கழுத்தைத் துடைத்தாள். மஞ்சளாகப் பளபளத்த பித்தளைக்குப் பக்கத்தில் மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு. விரலால் தொட்டுக்கொண்டே போனாள். முதலில் விரல் நீளம் இருந்த விரிசல் இப்போது சாண் நீளத்துக்குப் போயிருந்தது.

உலகத்தில் அந்த நிமிஷம் அவள் வெறுத்ததுபோல் யாரையும் யாரும் வெறுத்திருக்க முடியாது. எழுந்து நின்றாள். நீ பிறந்தபோதே எனக்கு இந்த வினை பிடித்தது என்று தொடங்கினாள். மேசையைக் குத்திக் குதறினே, வில்லை ஒடிச்சே, சக்குக்கு வெல்டு அடிச்சே, கழுத்தை முறுக்கி உடைச்சே, உடைஞ்சதை மறுபடி உடைச்சே, இப்போ நான் ஒட்டவெச்சதையும் என் வீட்டுக்கே வந்து உடைச்சுட்டியே, என் பொழைப்பு மேல உனக்கு அப்படி என்னடா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். சத்தம் கேட்டு வந்த தையல்காரருக்கும் பங்கு கிடைத்தது. வீட்டில் ஒரு ஆள் இருந்து என்ன, ஒரு அலமாரி இருந்து என்ன என்றாள். அலமாரியாவது பூட்டினால் பூட்டியபடி இருக்கும் என்றாள். 

தம்பி வெலவெலத்துப் போனான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையிலேயே நல்லது செய்யத்தான் வந்தான், அதைச் சொல்லவும் செய்தான்.

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதானேக்கா பண்ணினேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் எந்தக் காலத்தில் முடிந்தது? விடுக்கா இந்தப் பழைய இரும்பை, பட்டறைக்கே வந்துடு, ஆர்டர் திரும்பி வந்து கிடக்குது, நீ வந்து ஒரு பத்து நாள் ஒத்தாசை பண்ணினா சமாளிச்சுடலாம் என்றான்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. கோபம் போக வேறு வழி கிடைக்காமல் கண் வழியாக வந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். தம்பி இன்னும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாளைக்குக் காலையில் வா என்றாள். நீ உடைச்சதை நீயே நின்னு சரிபண்ணிக் கொடு. பட்டறையைப் பூட்டிட்டு வா. சரிபண்ணிக் கொடுத்தாத்தான் உன் ஆர்டரைப் பத்திப் பேசுறதா வேண்டாமான்னு யோசிப்பேன். அவன் தலையாட்டிவிட்டு வாளியை வைத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

திரும்பப் பித்தளை விட்டுப் பயனில்லை, பித்தளை உருகுகிற சூட்டை இன்னொரு தடவை அந்தக் கழுத்து தாங்காது என்று வெல்டிங்காரர் கையை விரித்துவிட்டார். அவளுக்கு வேறொரு யோசனை இருந்தது. கழுத்தின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துச் சீராக்கி, நாலு இடத்தில் அளவெடுத்தாள். அன்றைக்கு ராத்திரியே லேத்துக்காரரிடம் போய், தடித்த எஃகில் ஒரு வளையம் கடையச் சொன்னாள், உள்வட்டம் அந்த அளவைவிட இம்மி குறைவாக. காய்ச்சினால் வளையம் விரியும். விரிந்த நிலையில் கழுத்தில் மாட்டிவிட்டால், ஆறும்போது சுருங்கி விரிசலை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவதற்குக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். பாதியில் சிக்கினால் கழற்றவும் முடியாது, தள்ளவும் முடியாது, தலையைத் தூக்கிக் குப்பையில் போடவேண்டியதுதான்.

மறுநாள் காலையில் தம்பி சொன்னபடி வந்தான். தலையைக் கவிழ்த்து வைத்து, கழுத்தை மட்டும் இளஞ்சூடாக்கி வைத்திருந்தாள். வளையம் கரியடுப்பில் மங்கலாகச் சிவந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு இடுக்கியால் தூக்கினார்கள். நேராப் பிடி, என்னைப் பார்க்காதே, வளையத்தைப் பார் என்று பல்லைக் கடித்தபடி சொல்லிக்கொண்டே இறக்கினாள். அவன் பக்கம் ஒரு நெல்லளவு சாய்ந்து நின்றுவிட்டது. அவள் சுத்தியலை எடுத்து, ஒரு கட்டையை வைத்து ஒரே ஒரு அடி. வளையம் போய் உட்கார்ந்தது. தம்பி மூச்சு விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் சுற்றும்முற்றும் பார்த்தான். வீட்டில் இருந்த வாளி, குடம், செம்பு அத்தனையையும் தையல்காரர் விடியற்காலையிலேயே குளியலறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

ஆறியதும் பார்த்தாள். விரிசல் வாயை மூடியிருந்தது, நகம் வைத்தால் தட்டவில்லை. ஆனால் வளையம் நெரித்ததில் கழுத்தின் உள்பக்கமும் இறுகிவிட்டது. குழல் நுழைய மறுத்தது. அதற்கும் வழி உண்டு, சுலபமான வழி இல்லை. இரும்பை மெல்லத் தேய்த்தெடுக்கிற பசையைத் தடவி, குழலைத் திருகிக்கொண்டே மேலும் கீழும் இழுக்க வேண்டும். கழுவ வேண்டும், பார்க்க வேண்டும், மறுபடி பசை, மறுபடி இழுப்பு. அவசரப்பட்டால் ஒரு பக்கம் அதிகம் தேய்ந்து குழல் ஆடும். அந்த வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அவள் முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் கொஞ்ச நேரம் வேகமாக இழுத்தான். அவள் திட்டினாள். மெதுவாக இழுத்தான். மெதுவாக இழுப்பதற்குத்தான் தெம்பு அதிகம் வேண்டும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திருகு, இழு, திருகு, இறக்கு.  சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. கை எரியுதுக்கா, கொஞ்சம் உட்காரட்டுமா என்று கேட்டான். பசை காய்ந்துபோகும் என்றாள். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் எழும்பி, ஒன்று உடைந்தது. தையல்காரர் பரிதாபப்பட்டு ஒரு துண்டுத் துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டார். அதைப் பார்த்தபோது அவளுக்கும் மனசு இளகத்தான் செய்தது, ஆனால் இளகியதைக் காட்டிக்கொள்ள அவள் என்ன பைத்தியமா?

சாயங்காலம் குழல் தன் எடையில் தானே மெல்ல இறங்கியது, எங்கும் சிக்கவில்லை, எங்கும் ஆடவில்லை. மண்ணெண்ணெய் விட்டுப் பசை மிச்சமில்லாமல் கழுவினார்கள். பேரிங், தண்டு, வில், சக்கு, பெல்ட் எல்லாம் மாட்டினாள். ஊசி கனத்தில் ஒரு பிட்டை மாட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். பிட்டு சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு நேர். ஒரு தகட்டைக் கட்டையின் மேல் வைத்து, கைப்பிடியை இறக்கினாள். சின்னச் சுருளாக இரும்பு சீவிக்கொண்டு வந்தது. துளை விழுந்தது. தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாயிலிருந்து ஒரு வசவும் வரவில்லை. தையல்காரர் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்போ நாளைக்குப் பட்டறைக்கு வர்றியாக்கா?"

வரமாட்டேன் என்றாள். தகட்டை இங்கே கொண்டுவா, மற்றவன் கொண்டுவருகிற மாதிரி. விலை பேசிவிட்டுப் போ. துளை போட்டு வைக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ. அவன் தலையைச் சொறிந்தான், கையில் கொப்புளம் இருப்பதை மறந்து சொறிந்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

அந்த நேரம் அவன் போன் அடித்தது. அம்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை, பட்டறையும் பூட்டிக் கிடக்கிறது என்று தேடியிருக்கிறாள். இரண்டு கையும் எண்ணெயும் கொப்புளமுமாக இருந்ததால் அவன் கண்ணைக் காட்ட, டிரில்லக்கா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். அக்கா வீட்டில்தான் இருக்கிறேன், மெஷினைச் சரிபண்ணினோம், கையில் கொஞ்சம் கொப்புளம், வேறொன்றும் இல்லை என்றான்.  பிறகு அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள் அம்மா. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள் இவள்.

"காலையிலேர்ந்து என் புள்ளையை நிக்க வெச்சு வேலை வாங்கியிருக்கியே, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

வேலை. அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக விழுந்துவிட்டது. ஒரே ஒரு பகல். இரண்டு கொப்புளம். அதற்குள் அது வேலையாகிவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் தையல்காரர் கதவுப் பக்கம் நகர்ந்தார். ஆனால் அவள் கத்தவில்லை. குரல் தணிந்துதான் வந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"ஆமாம்மா, வேலைதான். முப்பது வருஷம் அங்க நின்னு நான் பண்ணினதும் இதேதான்."

"அது வேற" என்றாள் அம்மா.

டிரில்லக்கா வாயைத் திறந்தாள்.  வாழ்நாளிலேயே முதல் தடவையாக அவளுக்குத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற தம்பி, துணி சுற்றிய கையைப் பார்த்துக்கொண்டே, போனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"வேற இல்லம்மா. ஒண்ணுதான்."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். டிரில்லக்கா போனை அணைத்து அவன் சட்டைப் பையில் போட்டாள். அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான், ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தானோ என்னவோ. அவளுக்குக் கண் எரிந்தது, கோபம் மட்டும் துளியும் குறையவில்லை.

"இதைச் சொல்ல உனக்கு ரெண்டு கொப்புளம் வேண்டியிருந்துச்சாடா?" என்றாள்.